சாந்தசொரூபனின் புரட்டாசி

எங்கள் அத்தான் மணியம், கடையில் ஒரு தே தாரேக் டீ கேட்பதென்றாலும் முதலில் தொண்டையைக் கனைத்து, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். மேடை இல்லாத இடங்களும் உலகத்தில் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. சிம்பாங் ரெங்கம் என்ற சிற்றூரில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்கு ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான் என்று அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இப்போது அங்குள்ள பெருமாள் கோயில் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். என் அக்கா சந்திரமதியின் கணவர் என்பது அவருடைய மூன்றாவது தகுதி. பொன்னாடை போர்த்தும்போது வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பில் அது வராது.

அவர் வீட்டுப் பூனை, ஒரு மழைநாளில் அக்கா பின்சந்துச் சாக்கடையிலிருந்து தூக்கி வந்த வெள்ளைக் குட்டி. அக்கா அதைத் துடைத்து, தங்காக் துணிக்கடையில் எப்போதோ எடுத்த வாயில் புடவை ஒன்றைக் கிழித்துச் சுற்றி, அடுப்புப் பக்கம் வைத்தாள். அத்தான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து அதற்குச் சாந்தசொரூபன் என்று பெயர் சூட்டினார். சூட்டிய நேரத்தில் அது அவருடைய கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. அக்கா அன்றைக்கே சாந்து என்று சுருக்கிவிட்டாள். அத்தானின் நீளமான சங்கதிகளையெல்லாம் சத்தமில்லாமல் சுருக்கிக் கொடுப்பதுதான் அந்த வீட்டில் அவள் பார்த்த வேலை.

புரட்டாசி வந்தால் வீட்டுக்குள் மீன், முட்டை, இறைச்சி எதுவும் நுழையக்கூடாது. குளிர்பெட்டியை மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும். இதெல்லாம் பல வீடுகளில் நடப்பதுதான். அத்தான் ஒரு படி மேலே போனார். மீன்வாசம் அடிக்கும் பூனை பிஸ்கட் மூட்டையும் முதல் தேதியே வெளியேறிவிடும். சாந்தசொரூபனுக்கும் தயிர்ச்சோறு, பருப்பு, பால்.

கடைசிச் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் அத்தானின் சொற்பொழிவு. வருஷா வருஷம் அதன் உச்சக்கட்டம் ஒன்றுதான். குரலைத் தாழ்த்துவார். மண்டபம் அமைதியாகும். “ஐந்தறிவு படைத்த என் வீட்டுப் பூனை, புரட்டாசி முழுவதும் தயிர்ச்சோறு தவிர வேறொன்றைத் தொடுவதில்லை. ஆறறிவு படைத்த நமக்கு, அன்பர்களே, என்ன கேடு?”

கைத்தட்டல் கூரையைத் தொடும். மதியம் என் ஊரான ஸ்கூடாயில் என்னவெல்லாமோ சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நானும் தட்டுவேன். ஒரு தடவை பத்திரிகைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து படமெடுத்தார். அத்தான் நாற்காலியில், பூனை மடியில், இரண்டு பேர் நெற்றியிலும் நாமம். மண்டபத்தில் பெண்கள் வரிசையில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். கணவனின் பெருமையைக் கேட்டு வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு அடுத்த வாரம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. இரங்கல் கூட்டத்தில் அத்தான் பேச எழுந்து, இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். அவர் பேசியவற்றிலேயே எனக்கு மறக்காமல் இருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரும் பூனையும். பெண் லோஷினி கணவனோடு ஆஸ்திரேலியாவில். அவள் கூப்பிட்டும் அவர் போகவில்லை. “பூனைய யாரு பாத்துக்குவாங்க?” என்றாராம். கோயிலை யார் பார்ப்பது என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்த எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அக்காவின் தலையணையில்தான் பூனை படுத்தது. அவர் எழுப்பவில்லை.

புரட்டாசி பாதி ஆகும் முன்னே ஒரு மாலை போன் வந்தது.

“மகேஸ், பூனைகிட்ட ஒரு மாற்றம் தெரியுது.”

“என்ன மாற்றம், அத்தான்?”

“தேஜஸ்.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பூனை சில நாளாக உபவாசம் இருக்கிறதாம். தயிர்ச்சோற்றைக்கூடத் துறந்துவிட்டது. நாள் முழுவதும் வடக்கு நோக்கி அசையாமல் தியானம். அந்தக் காலத்து அரசர்கள் வடக்கிருந்தது மாதிரி. அதன் பலனாக இப்போது உடம்பில் ஒரு பொன்னிறம்.

“பொன்னிறம்னா?”

“காதுக்குள்ள பாரேன். தங்கம் மாதிரி ஜொலிக்குது. கோயில் பொருளாளர் செல்வாகூட வந்து பாத்துட்டு, தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாரு.”

“அத்தான், வெள்ளைப் பூனை மஞ்சளாப் போனா அது தேஜஸ் இல்ல. காமாலை.”

“அப்பிடியும் ஒரு கருத்து இருக்கலாம்” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் ஹைவேயில் ஏறிப் போனேன். சமையலறையின் பின்கதவு முன்னால் பூனை உட்கார்ந்திருந்தது. கதவு பூட்டியிருந்தது. பின்சந்தில் திருட்டு நடக்கிறது என்று அக்கா போன பிறகு அத்தான் போட்ட பூட்டு. வீட்டின் பின்பக்கம் வடக்கு என்பதால் தியானமும் வடக்குப் பக்கம்.

தூக்கினேன். பழைய சாந்து என்றால் இரண்டு கையும் வேண்டும். கோயில் குழுவில் ஒரு பதவி கொடுக்கலாம் என்கிற அளவுக்கு வயிறு. இப்போது வயிறு மட்டும் தொங்கியது, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. வாயோரம் எச்சில் வடிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு மஞ்சள் பூசியது போல இருந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

அத்தான் பக்கத்தில் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். “ஒண்ணும் இல்லதானே, மகேஸ்?” என்று கேட்டபோது அது தலைவர் குரலாக இல்லை. “அவ போனதுலருந்து வீட்டுல மூச்சு விடுற சத்தம்னா இது ஒண்ணுதான்.”

அன்னாசிக் கூடை ஒன்றில் அக்காவின் புடவை விரித்து, பூனையை வைத்து ஸ்கூடாய்க்குக் கிளம்பினோம். என் வீட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு கால்நடை மருத்துவமனை உண்டு, ஞாயிறும் திறந்திருக்கும். அத்தான் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். ஹைவே முழுக்க எண்ணெய்ப்பனை ஓடியது. இந்த வழியில் அக்காவோடு எத்தனையோ தரம் வந்திருக்கிறேன். முன்சீட்டில் உட்கார்ந்து அத்தான் பேசுவார். பின்சீட்டிலிருந்து அக்கா வேர்க்கடலையை உரித்து உரித்து அவர் கையில் வைப்பாள். வாயில் கடலை இருக்கும் நேரம் பேச்சு நிற்கும். அவ்வளவு அன்போடு ஒரு மனிதனின் வாயை அடைத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஸ்கூடாய் நெருங்க வழக்கமான ஜாம். அத்தான் கூடைக்குள் விரலை விட்டபடி, “வந்துட்டோம், வந்துட்டோம்” என்றார். பூனையிடமா, என்னிடமா தெரியவில்லை.

டாக்டர் ரூபினிக்கு முப்பது வயதிருக்கும். அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

“நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தற்பொழுது ஸ்ரீ பெருமாள்...”

“உக்காருங்க அங்கிள். பூனைக்கு எத்தன வயசு?”

அத்தானை அதுவரை யாரும் அங்கிள் என்றதில்லை. ஊர் முழுக்க சார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் காதைத் திருப்பிப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள், வயிற்றை மெல்ல அழுத்தினாள், எடை பார்த்தாள். கழுத்தோரத் தோலைக் கிள்ளி விட்டாள். அது சட்டென்று படியாமல் கூடாரம் மாதிரி நின்றது. “தண்ணியே இல்ல உடம்புல” என்றாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ரோமத்தை மழித்து ஸ்கேன் பார்த்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். ஒரு மலாய்ப் பெண் பெர்ஷியன் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, “கெசியான்” என்று எங்கள் கூடையைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

உள்ளே கூப்பிட்டு டாக்டர் திரையைக் காட்டினாள். “இது ஈரல். இவ்ளோ வெள்ளையா இருக்கக் கூடாது. முழுக்கக் கொழுப்பு. குண்டுப் பூனை ரொம்ப நாள் சாப்பிடாம கெடந்தா, உடம்பு தன் கொழுப்பயே எடுத்து ஈரலுக்கு அனுப்பும். ஈரலால அத சமாளிக்க முடியாது. அடைச்சிக்கும். அதான் காமாலை. அதுக்கப்புறம் குமட்டல் வந்து சுத்தமா சாப்பிடாது. சாப்பிடாததால நோவு, நோவால சாப்பிடாது. அப்பிடியே விட்டா போயிரும் அங்கிள்.”

“காமாலைக்குக் கீழாநெல்லிய அரைச்சு...”

“வேணும்னா நீங்க குடிங்க. இதுக்கு வேணாம். வழக்கமா என்ன சாப்பாடு?”

அத்தானுக்கு இது தெரிந்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “ஐந்தறிவு படைத்த இந்தப் பூனை, புரட்டாசி முழுவதும்...”

முழுதும் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். கைத்தட்டவில்லை.

“அங்கிள், பூனைக்கு எறைச்சி இல்லன்னா முடியாது. அது உடம்பு அப்பிடித்தான் செஞ்சிருக்கு. தயிர்ச்சோறு வெச்சா ரெண்டு நாள் நக்கும், அப்புறம் வேணாம்னு போயிரும்.”

“வருஷா வருஷம் இருந்திருக்கேம்மா! பத்திரிகையில வந்திருக்கு!”

“வருஷா வருஷமா?” அவள் முகம் சுருங்கியது. “முழு மாசமும் சைவமா இருந்துட்டு ஒண்ணும் ஆகலயா? எடை எறங்கலயா?”

“ஏறும்” என்றார் அத்தான், பெருமையை அடக்க முடியாமல்.

“அப்ப இந்த வருஷம் மட்டும் ஏன் நின்னுச்சு? அது தெரியணும். வேற நோவு ஏதாச்சும் ஒளிஞ்சிருந்தா வைத்தியம் மாறும். வீட்டுல ஏதாச்சும் மாறிச்சா?”

அத்தான் தன் கைகளைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், அக்கா போனதை. ஆள் போன ஏக்கத்தில் பூனை சாப்பிடாமல் போவது உண்டு, ஆனால் அது அப்போதே தெரிந்திருக்கும், இத்தனை மாதம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இப்போது நிற்காது என்றாள் டாக்டர். வேறு யாருக்காவது இந்தப் பூனையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டாள்.

எனக்கு ரம்லா அக்கா ஞாபகம் வந்தது. பின்சந்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சமையலறை. அவருடைய கணவர் டவுனில் ரொட்டிச் சானாய்க் கடை வைத்திருந்தார். அவர் காலமான பின்னும் ரம்லா அக்கா அந்த வீட்டை விடவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் பின்கதவைத் திறந்து வைத்து, சந்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரவு வரை பேசுவார்கள். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவேன். கடுகு வெடிக்கும் சத்தம், சட்டி சுரண்டும் சத்தம், நடுவில் இருவரும் மூச்சு முட்டச் சிரிக்கும் சத்தம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் அக்கா, “பொம்பளைங்க வெவகாரம், நீ தூங்கு” என்பாள். அக்கா போன பிறகு ரம்லா அக்காவால் அங்கே இருக்க முடியவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்ததும் ஸ்கூடாயில் இருக்கும் மகன் சுப்ஹான் வீட்டுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

“மகேஸ் தம்பியா? நல்லா இருக்கியா? ஜாம்ல இருக்கியா, சத்தமா இருக்கு?”

“இல்லக்கா. அக்கா பூனையப் பத்தி ஒண்ணு கேக்கணும். சாப்பிடவே மாட்டேங்குது.”

“சாந்துவா? சாப்பிட மாட்டேங்குதா? அது எலையும் சேத்துத் திங்குமே...” பேச்சு நின்றது. “தம்பி, இப்ப புரட்டாசி நடக்குதா?”

“ஆமாக்கா.”

ரம்லா அக்கா குரலைத் தாழ்த்தினார். “சார் பக்கத்துல இருக்காரா?”

அத்தான் எனக்கு அரை முழத் தூரத்தில் இருந்தார். டாக்டர் என்னைப் பார்த்தாள். பூனை மேசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“இல்லக்கா. வெளிய நிக்கிறாரு.”

அத்தான் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

“அலமாக்! என்ன செய்ய? அக்கா மவுத்துக்கப்புறம் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. நீ அந்த மனுசன்கிட்ட சொல்லிராத. எந்தப் புரட்டாசியில தம்பி சாந்து தயிர்ச்சோறு தின்னுச்சு? சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நான் பின்கதவத் தொறப்பேன். அக்கா அந்தப் பக்கம் தொறக்கும். ராஜா நடந்து வருவாரு பாரு, ஒரு நடை! கெம்போங் மீனு, உப்புப் போடாம அவிச்சு வெச்சிருப்பேன். அக்கா வந்து என் அடுப்படியில குந்திக்கிட்டு முள்ளெடுக்கும். ஒரு முள்ளு மிஞ்சாது. மத்த மாசத்தவிட புரட்டாசியிலதான் அது நல்லாத் திங்கும்!”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் தூங்கப்போகும்போது கேட்ட அதே சிரிப்பு, பாதி மட்டும்.

“தின்னு முடிச்சதும் ஈரத்துணியால வாயத் தொடைக்கும். நெத்தியில சந்தனத்தால நாமம் போட்டு அனுப்பி வைக்கும். சார் பாத்துட்டு, ‘பாத்தியா சந்திரா, பக்தி’ன்னு சொல்வாராம். அக்கா வந்து சொல்லும். நாங்க ரெண்டு பேரும் அங்க விழுந்து விழுந்து... யா அல்லா, இப்ப யாருமே கதவத் தொறக்கலயா, தம்பி? அது அங்கேயே நிக்குதா?”

பின்கதவு, பூட்டு, வடக்கிருத்தல். நான் அத்தானைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

“கேக்கிறேன், சொல்லு. சார் அங்க இல்லல்ல?”

“இருக்கேம்மா” என்றார் அத்தான்.

போனில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம்.

“சார்... சார், அது வந்து...”

“பரவால்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அவளும் சாப்பிட்டாளா?”

“அல்லா மேல ஆணையா இல்ல சார்! பச்சத் தண்ணி குடிக்காது என் வீட்டுல அந்த மாசம். முள்ளெடுத்துட்டு சோப்பு தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

ரம்லா அக்கா மூக்கை உறிஞ்சினார். “நான் கேட்டேன் சார், ‘ஏங்க்கா, சொல்லிட்டா என்ன?’ன்னு. ‘சொன்னா மேடையில அதச் சொல்ல மாட்டாருடி. ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகுறாரு. சாந்துவும் பட்டினி கெடக்க வேணாம், அவரும் மொகம் வாட வேணாம்’னு சொல்லுச்சு. அவ்வளவுதான் சார்.”

அத்தான் கனைக்கவில்லை, அங்குமிங்கும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பூனையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ரூபினி பேனாவை எடுத்து, “சரி. வேற நோவு இல்ல. வெறும் பட்டினி. இப்ப வைத்தியம் பண்ணலாம்” என்றாள்.

முதலில் சில நாள் டிரிப்ஸ் ஏற்றி உடம்பை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு மயக்கம் கொடுத்து, கழுத்தின் பக்கவாட்டில் சின்னத் துளையிட்டு, உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய டியூப். பூனை தானாகச் சாப்பிடும் வரை அந்த டியூப் வழியாகத்தான் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, சிரிஞ்சில், கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் வாந்தி எடுக்கும். மறந்தால் ஈரல் மறுபடி அடைக்கும். தீபாவளி தாண்டியும் ஆகலாம்.

“என்ன சாப்பாடு?” என்றார் அத்தான்.

“கோழியும் மீனும் அரைச்ச டின். வேற எதுவும் ஒத்துக்காது. வீட்டுல யாரு இருக்கீங்க?”

“நான் மட்டும்.”

“அப்ப நீங்கதான் குடுக்கணும்.”

“புரட்டாசி இன்னும் முடியல...”

“அது முடியிற வரைக்கும் இது இருக்காது, அங்கிள்.”

நான் என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார். “எப்பிடின்னு காட்டுங்கம்மா” என்றார்.

அந்த வார இறுதியில் பூனை கழுத்தில் கட்டும், கட்டிலிருந்து நீண்ட குழாயுமாக சிம்பாங் ரெங்கம் திரும்பியது. முதல் தடவை நான் கூட இருந்தேன். அத்தான் சாமியறைக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று பெருமாளிடம் ஒரு விளக்கவுரை ஆற்றினார்: ஆபத்துக்குப் பாவமில்லை, ஜீவகாருண்யம், கஜேந்திரனைக் காக்க ஓடி வந்தது யார், முதலிய தலைப்புகளில். அது முடியும் முன் பூனை தூங்கிவிட்டது. பிறகு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு டின்னைத் திறந்தார். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்தார். சிரிஞ்சில் ஏற்றி, குழாயில் பொருத்தி, மூச்சைப் பிடித்து, மெல்ல, மெல்ல அழுத்தினார். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினார். பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, எதிர்த்துப் பேசத் தெம்பில்லாத பியோன் மாதிரி.

அடுத்த வாரம் போனபோது கைக்குட்டை இல்லை. பெருமாளுக்கான விளக்கவுரை, “மன்னிச்சிக்கப்பா” என்று ஒரே சொல்லாகக் குறுகியிருந்தது. பின்கதவுப் பூட்டைக் கழற்றியிருந்தார். சந்துக்கு எதிர்ப்பக்கம் ரம்லா அக்காவின் கதவு மூடித்தான் கிடந்தது. புதிதாக வந்த குடித்தனக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்தாலும் சாயங்காலம் கூடையைத் தூக்கிவந்து அந்த வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இங்கதான் நிப்பாளா?” என்று கேட்டார்.

“அந்தத் தூணோரம். ரம்லாக்கா அந்தப் பக்கம் படியில.”

“நான் முன்னால ஹால்ல நியூஸ் கேட்டுக்கிட்டு இருப்பேன்.” கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, “சிரிக்கிற சத்தம் கேக்கும். ‘மெதுவா’ன்னு ஒரு அதட்டல் போடுவேன். ரெண்டும் கப்சிப்னு ஆயிரும்” என்றார். பூனையின் தலையைத் தடவினார். “சாந்து, நீயாச்சும் சொல்லியிருக்கலாமேடா.”

மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆனால் பூனை தானாக எதையும் தொடவில்லை. தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பியது. குழாய் வேலையைத்தான் செய்யும், பசியைத் தராது. அது தானாகத் திரும்ப வேண்டும், சில பூனைகளுக்குத் திரும்புவதே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து அத்தான் ரம்லா அக்காவைத் தினமும் போனில் கூப்பிட ஆரம்பித்தார். நாற்பது வருஷம் மற்றவர்களின் பிழையைத் திருத்தியவருக்கு இப்போது ஒரு ஆசிரியை கிடைத்திருந்தார்.

“உப்புப் போட்டீங்களா சார்?”

“ஒரு சிட்டிகை...”

“போடக் கூடாதுன்னு சொன்னேன்ல! தூக்கிப் போடுங்க. வேற மீன வைங்க. நெருப்பக் கொறைங்க. முள்ளு, சார், முள்ளு! நடு முள்ள எடுத்தாப் பத்தாது, ஓரத்துல மயிரு மாதிரி இருக்கும் பாருங்க. அக்கா கண்ண மூடிக்கிட்டு எடுக்கும்.”

“அவ எடுப்பா” என்பார் அத்தான்.

கடைசிச் சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீடு முழுக்க அவித்த மீன் வாசம். முன்ஹாலில் செயலாளர் யுகேந்திரனும் பொருளாளர் செல்வாவும் வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் இரண்டு சனிக்கிழமையாகக் கோயில் பக்கம் வராததால் கையோடு அழைத்துப் போக வந்தவர்கள். இருவர் மூக்கும் ஒரே திசையில் திரும்பி இருந்தன.

“சார், ஏதோ வாடை அடிக்குதே” என்றார் யுகேந்திரன்.

“மீன்” என்றார் சமையலறையிலிருந்து அத்தான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

“பக்கத்து வீட்டுல சமைக்கிறாங்களா சார்?” என்று செல்வா அவருக்கு வழி காட்டினார்.

“நான்தான் சமைச்சேன். பூனைக்கு.”

செல்வா நெளிந்தார். “சார், இன்னிக்கு நீங்க அந்தப் பூனை விஷயம் பேசணும். ஜனங்க அதுக்குன்னே வருவாங்க. வெளியூர்லருந்து ரெண்டு வேன்ல...”

“அது பொய்யிப்பா” என்றார் அத்தான். “பூனை எந்த வருஷமும் வெரதம் இருக்கல. என் வீட்டம்மா அதுக்கு மீன் குடுத்துக்கிட்டு இருந்தா. நீ தொட்டுக் கும்பிட்டியே, அது காமாலை.”

செல்வா தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

நான் சமையலறைக்குள் போனேன். அத்தான் சட்டையில்லாமல், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தரையில் சப்பணமிட்டிருந்தார். முன்னால் தட்டில் கெம்போங் மீன். ஓரத்து முள்ளை ஒவ்வொன்றாக விரல்நுனியில் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலில் குத்துப்பட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. திறந்த பின்கதவு வழியே சாயங்கால வெயில் தட்டின் மேல் விழுந்தது. பூனை கூடையிலிருந்து இறங்கி, கழுத்துக் குழாயோடு, அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தது. தட்டைப் பார்க்கவில்லை.

ஒரு துண்டை விரலில் எடுத்து அதன் மூக்குக்கு நேரே நீட்டினார். அது முகத்தைத் திருப்பியது. கையை எடுக்காமல் இருந்தார்.

“சார்” என்று ஹாலிலிருந்து குரல், “லேட்டாகுது. மைக்செட்டு எல்லாம் ரெடி. ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.”

பூனை திரும்பியது. மூக்கு அசைந்தது. அவர் விரலை மோந்தது. வெகு நேரம் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கியது. நின்றது. யோசித்தது. இன்னொரு தடவை நக்கி, துண்டை வாயில் வாங்கி, தலையைச் சாய்த்து மெல்ல மென்று விழுங்கியது.

அத்தான் மூச்சு விடவில்லை. விட்டால் நின்றுவிடும் என்று நினைத்தார் போல. தட்டிலிருந்து அடுத்த துண்டை எடுத்து, முள் இருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்த்து, நீட்டினார்.

“சார்?”

“அவங்கள காத்திருக்கச் சொல்லு, மகேஸ்” என்றார், எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில். “இது சாப்பிடுது.”